கட்டுரை வரைவுகளுக்கு உடன்பயில்வோர் கருத்துரை: நன்னூல் பொதுப்பாயிரத்தின் வழி ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு மாணவர் எழுதிய கட்டுரை வரைவை உடன்பயிலும் மற்றொரு மாணவர் படித்துக் கருத்துரைப்பது, மொழிக்கல்வியாளர் பலர் பரிந்துரைக்கும் முறையாகும். தக்க பயிற்சியின்றி இது மேற்கொள்ளப்படும்போது வெறும் பாராட்டாகவோ, எழுத்துப்பிழைத் திருத்தமாகவோ சுருங்கிவிடும். நன்றாக எழுதும் மாணவர் மட்டுமே கருத்துரைக்கத் தக்கவர் என்னும் எண்ணமும் வலுப்படும். உடன்பயில்வோருக்குத் தமிழ் இலக்கணமரபு அளித்துள்ள இடத்தை நன்னூல் பொதுப்பாயிரத்தின் வழி இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. கருத்துரையால் பெரும்பயன் அடைபவர் அதைப் பெறுபவரினும் தருபவரே என்பதும், ஆதலின் எழுதத் தடுமாறும் மாணவரும் கருத்துரைப்போராக அமர்த்தப்பட வேண்டும் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: உடன்பயில்வோர் கருத்துரை, கட்டுரை வரைவு, நன்னூல், பொதுப்பாயிரம், பத்துக் குற்றம், பத்து அழகு

முன்னுரை

திருவள்ளூருக்கு மேற்கே, திருத்தணி செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் திருப்பாச்சூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தொண்டைநாட்டுத் தலங்களுள் ஒன்று. இவ்வூரைச் சூழ்ந்த மாவட்டத்தின் மொழிச்சூழல் கருதத்தக்கது. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருத்தணிப் பகுதி, 1960ஆம் ஆண்டின் எல்லை மாற்றத்தால் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் இங்குப் பல. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும், மாவட்டத்தின் பிற பகுதிகளிலுள்ள செங்கற்சூளைகளும் வெளிமாவட்ட, வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களை ஈர்த்துள்ளன. ஆதலின், இத்தகைய பகுதியில் ஒரே வகுப்பறையில் தமிழை வீட்டிலும் பேசுவோர், பள்ளியில் மட்டும் பயில்வோர், முதல் தலைமுறையாகக் கல்வி கற்போர் எனப் பலதிறத்தாரும் அமர்ந்து ஒரே தலைப்பில் கட்டுரை எழுத நேர்கிறது.

இவ்வகுப்பில் 45 மாணவர் இருப்பதாகக் கொள்ளலாம். ஒரு வரைவைப் படித்துக் குறிப்பெழுத ஆசிரியருக்கு 8 நிமிடம் தேவையெனின், ஒருமுறை எழுதிய கட்டுரைகளைப் பார்க்க மட்டும் 360 நிமிடம், அதாவது 6 மணிநேரம் வேண்டும். திருத்திய வரைவை மீண்டும் பார்க்க மேலும் அத்துணை நேரம் வேண்டும். இதனால் முதல் வரைவே இறுதிக் கட்டுரையாகிவிடுகிறது. சிவப்பு மையில் ஒரு மதிப்பெண்ணும் ஒரு கையொப்பமும் பெற்று மாணவரிடம் திரும்புகிறது. எழுதியதைத் திருத்தி எழுதும் பழக்கம் உருவாகும் முன்பே மறைகிறது. உடன்பயில்வோர் கருத்துரை இந்த இடைவெளியை நிரப்ப வல்லது. எனினும், அதனை ஆசிரியரின் சுமை குறைக்கும் உத்தியாக மட்டும் கொண்டால் அதன் கல்விப்பயன் புலப்படாது.

மரபில் உடன்பயின்றோர்

நூலொன்றுக்குச் சிறப்புப்பாயிரம் செய்யத் தக்கவர் யார் என வரையறுக்கும் நன்னூல், நூலாசிரியரின் ஆசிரியர், மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகியோருடன், அவரோடு ஒருங்கு கற்றவரையும் சேர்த்து எண்ணுகிறது. அரிய பல நுட்பங்களைக் கூறி முடித்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகுதியன்று எனவும் அந்நூல் விதிக்கிறது. ஒரு நூலின் தகுதியை எழுதியவரல்லாத இன்னொருவர் உரைக்க வேண்டும். அவ்வாறு உரைப்பவர் உடன்பயின்றவராகவும் இருக்கலாம் என்பது இவற்றால் பெறப்படும். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியருடன் ஒருசாலையில் பயின்ற மாணாக்கர் என்பது உரைமரபு. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்நூல் அரங்கேறியதை உலகிற்கு அறிவித்தவர் அவ்வுடன்பயின்றவரே.

இறையனார் களவியலுரை கூறும் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. சங்கப்புலவர் பலர் உரைத்த உரைகளுள் மெய்யுரையைத் தேர்ந்தவன் உருத்திரசன்மன் என்னும் வாய்பேசாச் சிறுவன். மருதனிளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களில் கண்ணீர் சொரிந்த அவன், நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் சொரிந்து மெய்சிலிர்த்தான் என்பர். வரலாற்றுண்மை எவ்வாறாயினும், இக்கதை உணர்த்தும் கருத்துகள் இரண்டு. மதிப்பிடுபவர் எழுதியவரைவிடப் புலமை மிக்கவராக இருத்தல் கட்டாயமன்று. மேலும், ஒரு நூல் தன்னை எந்தெந்த இடத்தில் தொட்டது என இடஞ்சுட்டிக் காட்டுவதும் ஒருவகைக் கருத்துரையே.

காற்கூற்றுக் கணக்கு

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், கல்வி நிரம்பும் முறையைக் காற்கூறுகளாகப் பகுத்துரைக்கிறது. ஆசிரியர் கூறியவற்றை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கர் பெறுவது காற்கூறே. உடன்கற்போருடன் பழகிப் பயில்வதால் மற்றொரு காற்கூறு வாய்க்கும். எஞ்சிய இரண்டு காற்கூறும், தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும். ஆசிரியரிடம் கேட்பதினும் இருமடங்கு பயன், பிறர்க்கு உரைப்பதில் உள்ளது என்பது இக்கணக்கின் பொருள்.

உடன்பயில்வோர் வரைவுக்குக் கருத்துரைக்கும் மாணவர், பயிலுதல், உரைத்தல் என்னும் இரு நிலைகளையும் ஒருங்கே மேற்கொள்கிறார். தம் கட்டுரையில் தமக்குப் புலப்படாத குறை, பிறர் கட்டுரையில் எளிதில் புலப்படும். அதைச் சொல்லால் விளக்க முற்படும்போது, நல்ல கட்டுரைக்குரிய அளவுகோல் அவர் உள்ளத்தில் தெளிவுபெறும். பின்னர்த் தம் வரைவுக்கு அவர் திரும்பும்போது அவ்வளவுகோலும் உடன்வரும்.

இக்கருத்துக்கு இக்கால ஆய்வும் துணைநிற்கிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயின்ற மாணவர்களிடம் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராம், வெண்டி பேக்கர் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவினர் பிறர் வரைவுகளுக்குக் கருத்துரைக்க மட்டும் பயிற்றப்பட்டனர். மற்றொரு பிரிவினர் கருத்துரைகளைக் கொண்டு வரைவைத் திருத்த மட்டும் பயிற்றப்பட்டனர். பருவ இறுதியில், கருத்துரைத்த பிரிவினரின் சொந்த எழுத்தே மிகுதியாக மேம்பட்டிருந்தது. அவர்களுள்ளும் மொழித்திறன் குறைந்த நிலையில் இருந்தோர் அடைந்த வளர்ச்சி கூடுதலாக இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசிப் பள்ளியில் தமிழ் எழுதும் மாணவர்க்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தத்தக்கது. ‘உனக்கே சரியாக எழுத வராது, நீ எப்படிப் பிறர் கட்டுரையைப் பார்ப்பாய்?’ என ஒதுக்கப்படும் மாணவரே, அவ்வாய்ப்பினால் மிகுதியாகப் பயன்பெறக் கூடியவர். அவரை ஒதுக்குவது, நன்னூல் கூறும் நான்கு காற்கூறுகளுள் மூன்றை அவரிடமிருந்து பறிப்பதாகும்.

கருத்துரைக்கான சொற்கள்

கருத்துரைக்க விரும்பும் மாணவர்க்கு முதலில் எதிர்ப்படும் தடை, குறையைச் சுட்டும் சொற்கள் இன்மையாகும். ஏதோ சரியில்லை என உணர்வார். அதன் பெயர் அறியார். நன்னூல் தொகுத்துரைக்கும் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் இத்தடையை நீக்கும். அவை இலக்கண நூலுக்கு வகுக்கப்பட்டவையாயினும், பின்வருவன பள்ளிக் கட்டுரைக்கும் இயல்பாகப் பொருந்துகின்றன.

கூறியது கூறல்: ஒரே கருத்தைச் சொல் மாற்றியும் மாற்றாமலும் மீண்டும் கூறுதல்.
குன்றக் கூறல்: படிப்போர்க்கு வேண்டிய செய்தியைக் குறைத்துக் கூறுதல்.
மாறுகொளக் கூறல்: முன்பத்தியில் கூறியதற்கு முரணாகப் பின்பத்தியில் கூறுதல்.
வெற்றெனத் தொடுத்தல்: பொருட்செறிவின்றிச் சொற்களை அடுக்குதல்.
மற்றொன்று விரித்தல்: எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விளக்குதல்.
சென்று தேய்ந்து இறுதல்: சிறப்பாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிதல்.

அழகுகளுள் விளங்கவைத்தல், முறையின் வைப்பு, விளங்கும் உதாரணம் உடைமை ஆகியன கட்டுரைக்கு இன்றியமையாதன. குற்றங்களை மட்டும் வகுக்காமல் அழகுகளையும் அதே எண்ணிக்கையில் வகுத்திருப்பது கருதத்தக்கது. வரைவில் எது நன்று எனப் பெயரிட்டுக் கூறுவதும் கருத்துரைப்போரின் கடமை என்பதற்கு இது சான்றாகிறது.

தொல்காப்பிய மரபியலும் நூலுக்குரிய பத்துச் சிதைவுகளைக் கூறுகிறது. கேட்போர்க்கு இனிமையற்ற யாப்பும், எவ்வகையிலும் மனங்கொள்ள இயலாமையும் அவற்றுள் அடங்கும். இவ்விரண்டும் படிப்பவரின் நிலையிலிருந்து அறியப்படுவன. ஆதலின் இவற்றை எழுதியவரினும் உடன்பயில்வோரே முதலில் உணர்வர்.

ஓர் எடுத்துக்காட்டு

திருப்பாச்சூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்ளலாம்:

‘எங்கள் ஊர் மிகவும் பழமையான ஊர். இங்குப் பழமையான கோயில் உள்ளது. அக்கோயில் மிகப் பழங்காலத்தைச் சேர்ந்தது. கோயில்கள் நம் பண்பாட்டின் கண்கள். பண்பாட்டைக் காப்பது மாணவர்களின் கடமை. மாணவர்கள் ஒழுக்கத்துடன் இருக்க வேண்டும்.’

இதற்கு மூவர் கருத்துரைக்கின்றனர். முதலாமவர், ‘நன்றாக இருக்கிறது’ என்கிறார். இரண்டாமவர், ‘இன்னும் நன்றாக எழுத வேண்டும்’ என்கிறார். மூன்றாமவர் கூறுவது இது: ‘பழமை என்பது மூன்று தொடர்களில் வருகிறது, எதனால் பழமை என்று மட்டும் தெரியவில்லை. சம்பந்தரும் அப்பரும் பாடிய கோயில் என்று நீ என்னிடம் சொன்னாய். அதை எழுதினால் நான் நம்புவேன். பாசு என்றால் மூங்கில் என்றும், மூங்கில் காட்டில் இருந்ததால் இப்பெயர் வந்தது என்றும் உன் பாட்டி சொன்னதையும் சேர்க்கலாம். நான்காம் தொடரிலிருந்து ஊர் மறைந்துவிட்டது.’

முதலிரண்டு கருத்துரைகளும் எக்கட்டுரைக்கும் பொருந்துவன. எனவே எக்கட்டுரைக்கும் பயன்படாதன. அவற்றைக் கொண்டு எழுதியவரால் ஒரு சொல்லையும் மாற்ற இயலாது. மூன்றாவது கருத்துரை கூறியது கூறலையும், குன்றக் கூறலையும், மற்றொன்று விரித்தலையும் இடஞ்சுட்டிக் காட்டுகிறது. திருத்தும் வழியையும் தருகிறது. எனினும் எழுதுகோலை எழுதியவரிடமிருந்து பறிக்கவில்லை. அதில் ஓர் எழுத்துப்பிழையும் சுட்டப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. நீக்கப்படவிருக்கும் தொடரில் சந்திப்பிழை திருத்துவது வீண்முயற்சி. அது இறுதி வரைவுக்கு உரியது.

கருத்துரைப்போர் இயல்பு

மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பகுக்கும் நன்னூல், தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும் கடைமாணாக்கர்க்கு நெய்யரியையும் உவமை காட்டுகிறது. நீரை விலக்கிப் பாலைக் கொள்வது அன்னம். நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வது நெய்யரி. பிறர் வரைவைப் படிப்போரையும் இவ்வாறே பகுக்கலாம். பிழைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, கட்டுரையின் நற்கருத்தைத் தவறவிடுபவர் நெய்யரி போன்றவர்.

ஒரு நூலை இருமுறை கேட்டவர் பிழைபாடின்றி அறிவர். மும்முறை கேட்டவர் முறையறிந்து பிறர்க்கு உரைப்பர் என்பதும் நன்னூற் கருத்து. வரைவை ஒருமுறை படித்தவுடன் கருத்துரைக்கத் தொடங்குதல் தகாது. எழுதியவர் சொல்ல வந்தது யாது என அறிய முதல் வாசிப்பும், தடுமாறும் இடங்களைக் குறிக்க இரண்டாம் வாசிப்பும், கருத்துரையை வரிசைப்படுத்த மூன்றாம் வாசிப்பும் தேவை.

ஜான் ஹேட்டி, ஹெலன் டிம்பர்லி ஆகியோர் 2007இல் வெளியிட்ட கட்டுரை, பயனுள்ள கருத்துரை விடையளிக்க வேண்டிய வினாக்கள் மூன்றெனக் கூறுகிறது: செல்ல வேண்டிய இடம் யாது, இப்போதைய நிலை யாது, அடுத்துச் செய்ய வேண்டுவது யாது. எழுதப்பட்டதை விட்டு எழுதியவரைப் பற்றிப் பேசும் கருத்துரை, பயன் மிகக் குறைந்தது எனவும் அவர்கள் காட்டினர். ‘நீ கெட்டிக்காரன்’ என்பதும் ‘உன் தமிழே இப்படித்தான்’ என்பதும் இவ்வகையின. பின்னது தீங்கும் பயக்கும். வீட்டுமொழியின் சாயலையோ வட்டார வழக்கையோ நகைக்கும் ஒரு சொல், அம்மாணவரை மீண்டும் எழுதாமற் செய்துவிடக்கூடும்.

வகுப்பறை நடைமுறை

45 மாணவரை மும்மூவராக 15 குழுக்களாக்கினால், ஒவ்வொருவரும் இரு வரைவுகளுக்குக் கருத்துரைத்து, இரு கருத்துரைகளைப் பெறுவர். ஒவ்வொரு குழுவிலும் பல்வேறு எழுத்துத்திறன் கொண்டோர் கலந்திருத்தல் வேண்டும். முதல் வகுப்பில் ஆசிரியர், எவர் பெயரும் இல்லாத ஒரு மாதிரி வரைவைக் கரும்பலகையில் எழுதி, அனைவர் முன்னிலையிலும் கருத்துரைத்துக் காட்ட வேண்டும். இப்படிநிலை தவிர்க்கப்படின் ஏனையவை பயன்தரா.

கருத்துரை எழுத்துவடிவில், மூன்று கூறுகளாக அமைதல் நன்று: வரைவு கூறவருவது இது என ஒரு தொடர், பெயரும் இடமும் சுட்டிய ஓர் அழகு, பெயரும் இடமும் சுட்டிய ஒரு குற்றமும் அதற்கான ஓர் ஆலோசனையும். முதல் தொடரே எழுதியவரின் கருத்தோடு பொருந்தவில்லையெனில், அதுவே முதன்மையான கருத்துரையாகிவிடும். பெற்றவர், எதை ஏற்றார், எதை ஏற்கவில்லை, ஏன் என ஓரிரு வரிகளில் விடையெழுத வேண்டும். உடன்படலையும் மறுத்தலையும் எழுவகை மதங்களுள் வைத்த மரபுக்கு இது இயைந்ததே. ஆசிரியர் குழுவுக்கு ஒன்றாக 15 வரைவுகளைக் கருத்துரைகளுடன் பார்த்தால், முன்னைக் கணக்கின்படி 120 நிமிடம் போதும். கட்டுரைக்கு மட்டுமன்றிக் கருத்துரைக்கும் அவர் மதிப்பளித்தல் இன்றியமையாதது.

வரம்புகள்

நன்னூல் கூறும் உரைத்தல், கற்ற நூலைப் பிறர்க்குப் பயிற்றுவதைக் குறிக்கும். வரைவுக்குக் கருத்துரைத்தல் அதனோடு ஒப்புமை உடையதேயன்றி முற்றும் ஒன்றன்று. மேற்காட்டிய 2009 ஆய்வும் வேறொரு மொழிச்சூழலுக்குரியது. தமிழ் வகுப்பறைகளில் அதனைச் சோதித்தல் வேண்டும். நட்பும் பகையும், சாதி, பால் வேறுபாடுகளும் கருத்துரையின் நேர்மையைப் பாதிக்கலாம். குழு அமைப்பதில் ஆசிரியரின் கவனமும் கருத்துரைகள் மீதான அவர்தம் பார்வையும் இவற்றை ஓரளவு கட்டுப்படுத்தும். தவறான ஆலோசனையும் இடையிடையே எழும். ஏற்பதும் மறுப்பதும் எழுதியவர் உரிமை என்னும் விதி அதற்குக் காப்பாகும்.

முடிவுரை

உடன்பயின்றோரின் மதிப்பீட்டைப் பாயிரம் என்னும் உயர்ந்த இடத்தில் வைத்தது தமிழ்மரபு. கற்றலின் பாதியைப் பிறர்க்கு உரைப்பதில் வைத்தது நன்னூல். இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், வகுப்பறையில் உடன்பயில்வோர் கருத்துரை வெளியிலிருந்து வந்த புதுமையாகத் தோன்றாது. எழுதியவர் அடுத்த வரைவில் எதை மாற்றலாம் என அறிந்துகொண்டாரா என்பதே நற்கருத்துரைக்குரிய அளவுகோல். அதைத் தரும் வாய்ப்பு வகுப்பின் சிறந்த எழுத்தாளர் சிலர்க்கு மட்டும் உரியதன்று. தமிழைப் பள்ளியில் மட்டுமே கேட்டு வளரும் மாணவர், பிறிதொருவர் வரைவைக் கையில் ஏந்தி ‘இந்த இடம் எனக்கு விளங்கவில்லை’ என்று கூறும்போது, எழுதியவர்க்கு ஒரு வாசகர் கிடைக்கிறார். கூறியவர் எழுதக் கற்கிறார்.