பாறையேற்றப் போட்டியும் அதன் ஆட்சியும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபால், துறையூரை அடுத்து, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக விளங்குவது பச்சைமலை. ஆங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர்க்கு மேடேறுதல் நாள்தோறும் நிகழும் செயல். தேனெடுப்போர் மால்பு என்னும் கண்ணேணியின் துணையால் செங்குத்தான மலையில் ஏறியதை மலைபடுகடாம் என்னும் சங்க நூலிற் காணலாம். இவ்வாறு ஏறுதல் சிலர்க்குப் பிழைப்பாக இருந்தது. உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் படியேறுவார்க்கு அது வழிபாடு. அதனையே போட்டியாக்கி, வென்றார்க்குப் பதக்கம் வழங்கும் வழக்கமோ அண்மைக் காலத்தது.

ஓட்டப்பந்தயத்தில் வென்றவர் யாவர் என்பதைக் கண்டோர் எவரும் கூறிவிடுவர். பாறையேற்றத்தில் அஃது எளிதன்று. ஒரு பாறை மற்றொன்றைப் போல் இராது. காலையில் உலர்ந்திருந்த பிடி மாலை மழையில் நனைந்து வழுக்கும். முன்னே ஏறுபவர் தடுமாறும் இடத்தைப் பின்னே ஏறுபவர் கண்டு விழிப்படைவார். ஆகவே நடுநிலையான போட்டி வேண்டுமாயின், எல்லார்க்கும் பொதுவான விதியும், அவ்விதியைக் காக்கும் ஓர் அவையும் இன்றியமையாதன.

1985-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பார்தோனெக்கியா என்னும் ஊரில் இயற்கைப் பாறையிலேயே ஒரு போட்டி நடைபெற்றது. இக்காலப் போட்டிகளின் தொடக்கமாக அதனைக் கருதுவர். அதே ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் சிறந்த ஏறுநர் பத்தொன்பதின்மர், மலையேற்றம் மதிப்பெண்ணுக்கு அடங்காதது என்று கூறிப் போட்டிகளை எதிர்த்து ஓர் அறிக்கையிற் கையொப்பமிட்டனர். அவருட் சிலரே பின்னர்ப் போட்டியிற் புகுந்தனர் என்பதையும் ஈண்டுச் சொல்லத்தான் வேண்டும்! விரைவிலேயே போட்டிகள் பாறையை விட்டுச் செயற்கைச் சுவருக்கு மாறின. 1989-இல் உலகக் கோப்பைத் தொடரும், 1991-இல் பிராங்பர்ட் நகரில் முதல் உலகப் போட்டியும் நடைபெற்றன.

அந்நாளில் இவற்றை மேற்பார்த்தது, 1932-இல் சாமொனி நகரில் தோன்றிய அனைத்துலக மலையேறுவோர் ஒன்றியம். பனிமலை ஏறுவார் நலம் பேணுதலே அதன் முதற்கடன். சுவரேறும் போட்டிக்குத் தனி அவை வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெறவே, 2007 சனவரி 27-ஆம் நாள் பிராங்பர்ட்டில் அனைத்துலகப் போட்டியேற்றக் கூட்டமைப்பு நிறுவப்பெற்றது. நாடுதோறும் உள்ள தேசிய அமைப்புகளே இதன் உறுப்பினர். அவற்றின் பேராளர் பொதுப்பேரவையிற் கூடி வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். விதி வகுத்தலும், நடுவரையும் வழியமைப்போரையும் பயிற்றி அமர்த்தலும், ஊக்க மருந்தைத் தடுத்தலும் கூட்டமைப்பின் கடமைகள்.

போட்டிகள் மூவகைப்படும். கயிற்றேற்றத்தில் 12 மீட்டருக்குக் குறையாத சுவரில், இடுப்பிற் கயிறு கட்டி, இயன்ற உயரம் ஏறுதல் வேண்டும். குறும்பாறையேற்றம் ஏறத்தாழ 4.5 மீட்டர் உயரமுள்ள சுவரில் கயிறின்றி நிகழ்வது. விழுந்தால் தாங்குவதற்குத் தடித்த மெத்தை உண்டு. இவ்விரண்டிலும் வழி ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்கப்படும். ஏறுமுறை வரும்வரை போட்டியாளர் தனியறையில் இருத்தப்படுவர். வெளியாரோடு பேசுதலும் பிறர் ஏறுவதைக் காண்டலும் அவர்க்கு விலக்கு. பின்னே ஏறுபவர் முன்னவரைக் கண்டு பயன்பெறும் குறையை இவ்விதி நீக்கிவிடுகிறது. மூன்றாவதாகிய விரைவேற்றம் இதற்கு நேர்மாறானது. 15 மீட்டர் உயரமும் 5 பாகை முன்சாய்வும் உடைய அச்சுவர் உலகெங்கும் ஒன்றே. பிடிகளின் இடமும் மாறா. இருவர் பக்கத்திற் பக்கமாக ஏறுவர். முன்னே உச்சியைத் தொட்டவர் வென்றவர்.

கூட்டமைப்பை அனைத்துலக ஒலிம்பிக் குழு 2010-இல் முழுமையாக ஏற்றது. 2016-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இப்போட்டிக்கு இடம் கிடைத்தது. ஆயினும் ஆடவர்க்கு ஒன்றும் மகளிர்க்கு ஒன்றுமாகவே பொற்பதக்கம் ஒதுக்கப்பட்டது. மூவகையில் எதனைக் கைவிடுவது? எதனையும் விடாமல் மூன்றையும் ஒன்றாகப் பிணைத்தது கூட்டமைப்பு. ஒருவர் மூன்றிலும் பெற்ற இடங்களைப் பெருக்கி, குறைந்த எண் பெற்றவரே வென்றவர் என்று விதித்தது. ஓட்டக்காரரை நெடுந்தொலைவும் குறுந்தொலைவும் ஒருங்கே ஓடச் சொல்வது போன்றது இஃது என்று ஏறுநர் பலர் குறைகூறினர்.

2021 ஆகஸ்டில் நடந்த மகளிர் இறுதிப்போட்டி அக்குறையை மெய்ப்பித்தது. போலந்து நாட்டு அலெக்சாந்திரா மிரோஸ்வாஃப் விரைவேற்றத்தில் 6.84 நொடியில் ஏறி உலகச் சாதனை நிகழ்த்தினார். ஏனைய இரண்டிலும் அவர்க்கு எட்டாம் இடமே கிட்டியது. ஒன்று, எட்டு, எட்டு ஆகியவற்றின் பெருக்கம் 64. சப்பானின் அக்கியோ நோகுச்சி மூன்றிலும் நான்காம் இடமே பெற்றார். அவர் எண்ணும் 64. எண்கள் ஒத்திருந்தமையால், மிகுதியான பிரிவுகளில் முந்தியவர் யாவர் என்று நோக்கினர். நோகுச்சி இரண்டில் முந்தியிருந்தமையின் வெண்கலம் அவர்க்காயிற்று. ஒரு வகையில் உலகிலேயே முதல்வராகிய மிரோஸ்வாஃப் வெறுங்கையோடு திரும்பினார். சுலோவீனியாவின் யான்யா கார்ன்பிரெட் ஐந்தே எண் பெற்றுப் பொன் வென்றார்.

2024 பாரிசு ஒலிம்பிக்கில் விரைவேற்றம் தனியே பிரிக்கப்பட்டது. மிரோஸ்வாஃப் அங்குத் தொடக்கச் சுற்றில் 6.06 நொடியில் ஏறித் தம் சாதனையைத் தாமே முறியடித்தார். இறுதியிற் பொற்பதக்கமும் பெற்றார். மூன்று ஆண்டுகளில் அவர் விரைவு கூடியது மெய். எனினும் அவர்க்குப் பதக்கத்தைத் திறந்துவிட்டது விதியின் மாற்றமே என்பது என் கருத்து. 2028-இல் லாஸ் ஏஞ்சல்சில் மூவகைக்கும் தனித்தனிப் பதக்கம் உண்டு.

நம் நாட்டில் இவ்விளையாட்டை நடத்துவது புதுதில்லியில் உள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளை. குறும்பாறையேற்ற உலகக் கோப்பைப் போட்டிகள் 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் நவி மும்பையில் நடைபெற்றன. எனினும் 2024 வரை இந்தியர் எவரும் ஒலிம்பிக்கில் இப்போட்டியில் ஏறியதில்லை. பச்சைமலைச் சிறுமி ஒருத்தி எத்துணைத் திறம் வாய்ந்தவளாயினும், தானே சென்று உலகப் போட்டியில் நிற்றல் இயலாது. மண்டலப் போட்டியிலும் தேசியப் போட்டியிலும் தேறிய பின்னர், நாட்டமைப்பின் வழியாகவே அவள் பெயர் செல்லுதல் வேண்டும். விரைவேற்றத்தில் மட்டும் ஒரு வசதி உண்டு: துறையூரில் ஒரு சுவரை அளவு பிறழாது எழுப்பினால், பாரிசில் மிரோஸ்வாஃப் ஏறிய அதே வழியில், அதே பிடிகளைப் பற்றி, அவள் நாள்தோறும் பழகலாம்.