வேம்பை வெட்டிவிட்டு ஏ.சி. போடலாமா?

உச்சி வெயிலில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பக்கம் போயிருக்கிறீர்களா? வழியில் முண்டியம்பாக்கம் வரும். சர்க்கரை ஆலை, ரயில்வே ஸ்டேஷன், 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, ஆஸ்பத்திரி என்று நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த ஊர். ஆஸ்பத்திரி வந்தால் பின்னாலேயே என்ன வரும்? மருந்துக் கடை, ஸ்கேன் சென்டர், லாட்ஜ், ஓட்டல்!

வரட்டுமே, தப்பில்லை. நோயாளியோடு வந்தவர்களுக்குச் சாப்பாடும் தலைசாய்க்க ஓர் இடமும் வேண்டாமா? ஆனால் இப்படிப்பட்ட நெடுஞ்சாலை ஊர்களில் கடை கட்டுகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள், கவனியுங்கள். ஜே.சி.பி.யைக் கூப்பிட்டு வேம்பு, புங்கன், பனை, வேலியோரப் புதர் என்று எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் மண் கொட்டி மேடாக்கி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை பேவர் பிளாக். கடைசியில் வாசலில் தொட்டியில் இரண்டு குரோட்டன்ஸ் வைத்து, "பசுமையும் ஆச்சு!" என்று ஒரு திருப்தி.

'இதற்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? நிறையவே இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்

அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. இன்னொரு 23 பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சின்ன ஆய்வுதான். மரமே மருந்தாகிவிடும் என்றும் அர்த்தமில்லை. ஆனாலும் யோசிக்க வைக்கிறது, இல்லையா?

அடுத்தது, சூடு. மரம் வெயிலைத் தடுக்கிறது. இலைகள் வழியே நீராவியை விட்டுச் சுற்றியுள்ள காற்றையும் குளிர்விக்கிறது. சிமென்ட் தரை என்ன செய்யும்? பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி நிதானமாகத் திருப்பித் தரும். நல்ல ஆரோக்கியமான ஆள் சமாளித்துவிடுவார். இதய நோயாளி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதான மாமியார்... இவர்கள் பாடு? உடம்பில் நீர் வற்றி மயங்கி விழுவது இவர்கள்தான். ஏ.சி. அறைக்கு உள்ளே இருப்பவருக்குத்தான் சுகம். வெளியே வரிசையில் நிற்பவருக்கு அதன் அனல்தான் மிச்சம்!

மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கிறதா? மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தீர்த்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், டிசம்பர் 2ஆம் தேதி ரயில்களையே நிறுத்த வேண்டியதாயிற்று.

அத்தனை மழையை எந்த மரமும் தடுத்திருக்காது, உண்மைதான். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கும் பேவர் பிளாக் முற்றங்கள் தண்ணீரைத் தெருவுக்குத்தானே தள்ளுகின்றன? மண் தரையும் வேர்களும் இருந்தால் கணிசமான நீர் பூமிக்குள் இறங்கும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு வாசலில் தேங்கும். கிணற்றிலும் குடிநீர்க் குழாயிலும் அழுக்குத் தண்ணீர் கலந்தால் வயிற்றுப்போக்கு. வடியாமல் டயரிலும் தொட்டியிலும் நின்றால் டெங்குக் கொசு. ஆக, அடுத்தவர் போட்ட தளத்துக்கு நம் பிள்ளை காய்ச்சலில் படுக்கும்!

சட்டம் என்ன சொல்கிறது?

விளைநிலத்தை வாங்கி நினைத்தபடி கடை கட்டிவிட முடியாது. 1971ஆம் வருடத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, திட்டப் பகுதிகளில் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலத்துக்கு உபயோகம் பிரித்திருப்பார்கள். திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கிற விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றவும் எழுத்துமூலம் அனுமதி வேண்டும். அதற்கென்றே 2017இல் தனி விதிகள் வந்தன.

கட்டட விதிகள் 2019இல் ஒருங்கிணைக்கப்பட்டன. கட்டடத்தைச் சுற்றிக் காலியிடம் விட வேண்டும். மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் (அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு) சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளி. 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடவும் வழி உண்டு. அதற்கு மேல் போனால் நிலமாகவே ஒப்படைக்க வேண்டும்.

ஓட்டை எங்கே தெரிகிறதா? சின்ன மனைக்கு அந்த 10 சதவீதம் கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக வருவது சின்ன மனைகள்தானே! காலியிடம் விட்டாலும், ஏற்கெனவே அங்கே நின்ற வேம்பையோ புதரையோ காப்பாற்று என்று எவரும் கையைப் பிடித்துச் சொல்வதில்லை. அதை நாமாகத்தான் செய்ய வேண்டும்.

பனை விஷயம் மட்டும் வேறு. அது நம் மாநில மரம். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள்.

பிளான் போடும் முன்...

* மனையில் உள்ள மரங்களை முதலில் எண்ணுங்கள். ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பதை இன்ஜினீயரிடம் சொல்லி வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள். கட்டடத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம். முப்பது வருட மரத்தை நகர்த்துவது லேசில்லை.

* காப்பாற்றுகிற மரத்தின் அடியில் மண் கொட்டி மேடாக்காதீர்கள். வேர் மூச்சுத் திணறி, மரம் மெல்லச் சாகும். கிளை பரவியிருக்கும் அகலத்துக்காவது மண் தரையாக விடுங்கள்.

* வண்டி நிறுத்தும் இடத்தை மரநிழலில் அமையுங்கள். தளம் போட வேண்டிய இடத்தில் மட்டும் போடுங்கள்.

* ரோட்டோரம் புதர்வேலி இருந்தால் விட்டுவையுங்கள். தூசியை ஓரளவு பிடித்துக்கொள்ளும். புதிதாக வைப்பதானால் இந்த மண்ணின் செடிகளையே கேளுங்கள். இதே மாவட்டத்தில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்வாருங்கள். கடற்கரைப் பகுதிக்கே உரிய உலர் பசுமைக் காடு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்கலாம்.

* பச்சையாக இருக்கிறதே என்று கோனோகார்பஸ் வாங்கி வைக்காதீர்கள். அதன் மகரந்தம் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதும் ஒரு காரணமாக, 2025இல் தமிழக அரசு அதற்குத் தடை போட்டுவிட்டது. சீமைக்கருவேலத்தையும் காப்பாற்ற வேண்டியதில்லை!

'நான் கடை கட்டப் போவதில்லையே' என்கிறீர்களா? பரவாயில்லை. நீங்கள் வாடிக்கையாளர். அடுத்த முறை நெடுஞ்சாலையில் டிபனுக்கு வண்டியை நிறுத்தும்போது, மரம் நிற்கிற ஓட்டலாகப் பார்த்து நிறுத்துங்கள். "நிழல் இருந்ததால்தான் உங்க கடைக்கு வந்தோம்" என்று கல்லாவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அந்த மரத்தின் மேல் கை வைக்க முதலாளிக்கு மனசு வராது!