வண்டியேறி வந்த தண்ணீர்

2016ஆம் ஆண்டு ஏப்ரலில், வறண்டுபோன லாத்தூருக்கு மீரஜிலிருந்து ரயிலில் குடிநீர் சென்றதைச் சங்க அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முதல் வண்டியில் பத்து டாங்கிகள். சுமார் 5 லட்சம் லிட்டர். சரக்குக் கணக்கெழுதும் ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு, தண்ணீரும் சரக்காயிற்றே என்ற வேதனை நெடுநாள் நீங்கவில்லை.

அதே மகாராஷ்டிரத்தில், இன்றைய அகில்யாநகர் மாவட்டத்தில், ஹிவரே பஜார் என்றொரு சிற்றூர் உண்டு. மழை குறைந்த பூமி. 1972ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின், நம்மைப்போலவே பலர் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வெளியேறினர். 1989இல் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். ஊரார் கூடி உழைத்து, மலைச்சரிவில் நீர்க்குழிகள் வெட்டினர், மரம் நட்டனர், ஓடைகளில் தடுப்பணை கட்டினர். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பு கூடாது, மரம் வெட்டலாகாது எனக் கட்டுப்பாடு செய்தனர். ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, மனிதர்க்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக, மிஞ்சும் நீருக்கேற்பவே பயிரிடுகின்றனர். வெளியேறிய குடும்பங்கள் பல திரும்பிவந்தன.

நம் முன்னோர் குடிமராமத்து என்று ஏரியைத் தாமே தூர்வாரியதும் இவ்வறமேயன்றோ?

எங்கள் குடியிருப்பில் மே மாதம் தண்ணீர் லாரி வந்தால் குடங்கள் மோதுகின்றன. சென்ற ஆண்டு ஒரு குடத்துக்காக அண்டை வீட்டு மராத்தியரோடு நானே சச்சரவிட்டேன், இன்றும் நாணுகிறேன். ஆடியில் கூரைநீரெல்லாம் சாக்கடைக்கு ஓடுகிறது. பாழ்ங்கிணறோ குப்பை நிறைந்து கிடக்கிறது. அதனைத் தூர்வாரி, கூரைநீரை வடிகட்டி அதில் இறக்குவோம் என்று அவரிடமே முதலில் சென்று கேட்டேன். மண்வெட்டியுடன் வந்துவிட்டார்.

பிறந்த ஊர் எதுவாயினும், தண்ணீர் தரும் ஊர் நம் ஊரே. அதனைக் காப்போமாக.