பெரிய வண்டி வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு கணக்குப் போடுவோம்!



முன்பெல்லாம் நம்ம குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டினால் ஆடு வாங்க, மாடு வாங்க, மகள் கல்யாணத்துக்கு, அடகு நகையைத் திருப்ப என்றுதான் கடன் கேட்டிருப்பார்கள். இப்போது "கார் வாங்க முன்பணம்" என்ற வரியும் வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு கூட்டத்தில் இதை வாசித்ததும் சிரிப்புச் சத்தம். "பயர் ஆபீசுக்குப் போறவளுக்குக் காரு கேக்குதாக்கும்!" என்று ஒரு அக்கா கேலி பேசினாங்க.

நாங்கள் இதைக் கேலியாக நினைக்கவில்லை. மகனுக்குக் கல்யாணமாகி, மருமகள் வந்து, பேரப்பிள்ளைகள் பிறந்து, வீடு ஏழெட்டுப் பேராகி விடுகிறது. முடியாத மாமியாரை மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். சிவகாசியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி, சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில், அதுக்கு மேல கல்யாணம், காதுகுத்து. ஒரே பைக்கில் கைக்குழந்தையோடு நாலு பேர் போவதைப் பார்த்தால் நமக்கே மனசு பதறுது. அதனால் வண்டிக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. கணக்குப் போடாமல் வாங்கினால்தான் சிக்கல்.

ஒரு வீட்டில் நடந்தது

சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் எட்டுப் பேர். நம்ம உறுப்பினர் ஒருவர் குழுவில் 60,000 ரூபாய் உள்கடன் வாங்கி முன்பணம் கட்டினார். மீதிக்கு பைனான்ஸ் போட்டு 7 சீட்டு பழைய வண்டி ஒன்றை மகன் எடுத்தார். முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. தீபாவளி முடிந்தது, ஆபீஸ் மூடினாங்க. வருமானம் நின்றது, டியூ நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல் மகன் காலையில் ஆபீசுக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விட ஆரம்பித்தார். தலைக்கு 20 ரூபாய். 7 சீட்டு வண்டியில் 11 பேர்.

மழை பெய்த ஒரு காலையில் ஓடைப்பாலத்துத் திருப்பத்தில் வண்டி கவிழ்ந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஐந்து பேருக்கு அடி. அதில் இரண்டு பேர் அதே குழுவின் உறுப்பினர்கள். ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. இன்சூரன்சுக்குப் போனால், "சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றியிருக்கீங்க, அதுவும் தேர்டு பார்ட்டி மட்டும்தான் போட்டிருக்கீங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்த அம்மா நாலு பவுனை விற்றாங்க. நாங்கள் பார்க்கப் போனபோது, "காரு எங்களச் சுமக்கும்னு பார்த்தோம். இப்ப நாங்கதான் அதச் சுமக்குறோம்" என்றாங்க. மற்ற சகோதரிகளுக்கு உதவட்டும் என்று அவங்களே சம்மதித்ததால், பெயர் போடாமல் இதை எழுதுகிறோம்.

அவங்க வீட்டில் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தலையை எண்ணுங்க, நாளையும் எண்ணுங்க

7 சீட்டு என்றால் டிரைவரையும் சேர்த்துத்தான் ஏழு. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கும். வீட்டில் எட்டுப் பேர் என்றால் 7 சீட்டு வண்டி வாங்கியும் ஒருவர் மடியில்தான்.

அடுத்து, எட்டுப் பேரும் சேர்ந்து வருஷத்தில் எத்தனை நாள் போகிறோம்? காலண்டரை எடுத்துக் குறித்துப் பாருங்க. பல வீடுகளில் பத்து நாளைத் தாண்டாது. உங்க ஊர் வேன்காரரிடம் ஒரு நாள் வாடகை கேட்டு, பத்தால் பெருக்குங்க. ஒரு வருஷ டியூவையும் பக்கத்தில் எழுதுங்க. வாடகை குறைவாக வந்தால், வேனை வாடகைக்கு எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தினமும் மூன்று நாலு பேர்தான் போகிறோம் என்றால் 5 சீட்டு சின்ன வண்டியே போதும்.

2. கடைசி வரிசையில் யார் உட்காரப் போறாங்க?

நம்ம பக்கத்தில் பெரிய வண்டி என்றால் ஒரு காலத்தில் 1984-ல் வந்த மாருதி வேன். ஆம்னி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 1994-ல் டாடா சுமோ, 2000-ல் குவாலிஸ், 2004-ல் டவேரா என்று வரிசையாக வந்தன. குவாலிஸ் 2005-ல் நின்றது, டவேரா 2017-ல் நின்றது, ஆம்னி 2019-ல் நின்றது. பழைய மார்க்கெட்டில் இவை இன்னும் கிடைக்கின்றன. இதில் ஒன்றை வாங்குகிறவர்கள் பாகங்கள் கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேட்டுக்கொள்ளணும்.

புது வண்டி என்றால் நம்ம பகுதியில் அதிகம் பேசப்படுபவை மூன்று.

ரெனோ டிரைபர்: 2019-ல் வந்தது. நாலு மீட்டருக்கு உள்ளே அடங்கும் 7 சீட்டு. கடைசி வரிசை இருக்கையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். ஆனால் ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் சாமான் வைக்க 84 லிட்டர் இடம்தான். பொங்கப் பானை வைக்கவே யோசிக்கணும். 1,000 சி.சி. இன்ஜின் என்பதால் ஏழு பேரோடு மலைப்பாதை ஏறும்போது திணறும்.

மாருதி எர்டிகா: 2012-ல் வந்தது. இடம் கூடுதல். ஏழு பேர் உட்கார்ந்தாலும் 209 லிட்டர் சாமான் இடம் மிஞ்சும். விலையும் கூடுதல். இதில் சி.என்.ஜி. வண்டியும் உண்டு. எடுப்பதற்கு முன் நீங்கள் போகிற வழியில் சி.என்.ஜி. பங்க் இருக்கிறதா என்று பார்க்கணும். சிலிண்டர் டிக்கியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மஹிந்திரா பொலிரோ: 2000-லிருந்து ஓடுகிறது. டீசல். கரிசல்காட்டு மண்பாதைக்கு உறுதியான வண்டி. ஆனால் பின்னால் இரண்டு பேர் பக்கவாட்டில் எதிரெதிரே உட்காரணும். சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் அங்கே உட்கார வைப்பது நல்லதல்ல.

ஷோரூமுக்கு மகனை மட்டும் அனுப்பாதீங்க. மூட்டுவலி உள்ள மாமியாரையும் கூட்டிப் போங்க. அவங்களைக் கடைசி வரிசை வரை ஏறி இறங்கச் சொல்லுங்க. அவங்களால் முடியவில்லை என்றால் அந்த வரிசை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். புது வண்டிகளை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திர மதிப்பெண் தரும் பாரத் என்.சி.ஏ.பி. என்ற அரசுத் திட்டம் 2023 அக்டோபரிலிருந்து நடக்கிறது. பெரியவர்களுக்கு எத்தனை ஸ்டார், குழந்தைகளுக்கு எத்தனை ஸ்டார் என்று இரண்டையும் கேளுங்க. ஏர்பேக் இருந்தாலும் சீட் பெல்ட் போட்டால்தான் பலன். பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

3. விலை வேறு, ரோட்டுக்கு வரும்போது ஆகும் செலவு வேறு

பேப்பரில் போடும் விலையோடு வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள்ளும், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள்ளும் இருக்கும் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு மேல் போனால் 40 சதவீதம். இது கடைக்காரர் சொல்லும் விலைக்குள்ளேயே இருக்கும்.

தமிழ்நாட்டு ஆயுட்கால சாலை வரி தனி. 2023 நவம்பரில் மாற்றியபடி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். 9 லட்சத்து 90 ஆயிரம் விலை வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10 லட்சத்து 10 ஆயிரம் வண்டிக்கு 1,81,800 ரூபாய். விலையில் 20 ஆயிரம்தான் வித்தியாசம், வரியில் 53 ஆயிரம்! "இன்னும் கொஞ்சம் போட்டா டாப் மாடல்" என்று சொல்லும்போது இதை நினைச்சுக்கோங்க.

4. டியூ எத்தனை மாசம், வேலை எத்தனை மாசம்?

நம்ம குழுவில் மீதி இருக்கும் அசலுக்குத்தான் வட்டி போடுகிறோம். பைனான்சில் சில இடங்களில் பிளாட் வட்டி போடுவார்கள். அதாவது பாதி அசலைக் கட்டிய பிறகும் முழு அசலுக்கும் வட்டி. இரண்டையும் பாருங்க. கடன் 5 லட்சம், வட்டி 10 சதவீதம், 5 வருஷம்.

- மீதி அசலுக்கு வட்டி: மாதம் சுமார் 10,620 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,37,000.
- பிளாட் வட்டி: மாதம் 12,500 ரூபாய். மொத்த வட்டி 2,50,000.

இரண்டுமே "10 வட்டி"தான்! ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். "மாசம் குறைச்சலா கட்டுங்க, 7 வருஷம் போட்டுக்கலாம்" என்றால், மாதம் 2,300 குறையும், கடைசியில் 60,000 கூடும்.

இதை விடப் பெரிய விஷயம் நம்ம ஊர் வேலை. தீபாவளி முடிந்ததும் ஆபீஸ்கள் மூடி, மறுபடி பூஜை போட்டுத் திறக்க வாரக்கணக்கில் ஆகிறது. மழை பெய்தால் வேலை இல்லை. விபத்து நடந்து ஆய்வு வந்தாலும் வேலை நிற்கும். பட்டாசு வேலைக்குப் போகிற வீடு 12 மாச வருமானம் என்று கணக்குப் போடவே கூடாது. குறைந்தது மூன்று மாசத்து டியூவைத் தனியாகச் சேமித்து வைத்த பிறகுதான் வண்டிக்குக் கையெழுத்து. அதோடு பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 15 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட 6,700 ரூபாய் போல ஆகும். டயர், சர்வீஸ், வருஷ இன்சூரன்ஸ் இதற்கு மேலே.

5. கடன் நம்ம பேரில், வண்டி யார் பேரில்?

இது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. குழுக் கடன் அம்மா பேரில் இருக்கும், ஆர்.சி. புத்தகம் மகன் பேரிலோ வீட்டுக்காரர் பேரிலோ இருக்கும். வண்டியை விற்றால் பணம் அங்கே போகும், கடன் இங்கே நிற்கும். குழுவில் பதில் சொல்வதும், கூட இருக்கிற பெண்களின் முகத்தில் முழிப்பதும் நாம்தான். நாம் கடன் வாங்கினால் வண்டி நம்ம பேரில் இருக்கட்டும். முடிந்தால் ஓட்டவும் கத்துக்குவோம். ராத்திரி பிரசவ வலி வந்தால் மகன் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

6. வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா?

வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் பெர்மிட் இல்லாத குற்றம். 10,000 ரூபாய் அபராதமும் சிறைத் தண்டனையும் வரலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் மறுக்க முடியும், நஷ்டஈடு வண்டிக்காரர் தலையில் விழும். ஓட்டிப் பிழைக்கத்தான் வாங்குகிறோம் என்றால் முதலிலேயே மஞ்சள் போர்டு போட்டு, பெர்மிட், எஃப்.சி., அதற்குரிய இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்து முறையாக ஓட்டுங்க. அது நல்ல தொழில்தான்.

இன்சூரன்சில் இன்னொன்று. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால் ரோட்டில் போகிறவருக்குத்தான் பாதுகாப்பு. நம்ம வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நம்ம பேரப்பிள்ளைக்கு அதில் பொதுவாகப் பாதுகாப்பு கிடையாது. முழு இன்சூரன்ஸ் போடுங்க. பாலிசியைக் கையில் வாங்கி, "உள்ளே இருப்பவர்களுக்கு உண்டா?" என்று கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

7. பழைய வண்டி என்றால்

- சொந்த வண்டியின் ஆர்.சி. 15 வருஷம்தான் செல்லும். பிறகு சோதனை செய்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். எத்தனை வருஷம் மிச்சம் என்று பாருங்க.
- இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப் போகணும்.
- பழைய கடன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யில் பைனான்ஸ் பேர் இருக்கும். தடையில்லாச் சான்று இல்லாமல் பணம் கொடுக்காதீங்க.
- கட்டாத அபராதம் இருக்கிறதா என்று பரிவாகன் இணையதளத்தில் படித்த பிள்ளைகளை வைத்துப் பாருங்க.
- வீட்டு கேஸ் சிலிண்டர் மாட்டி ஓட்டிய வண்டி என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீங்க.
- பணம் கொடுத்த கையோடு ஆர்.சி.யும் இன்சூரன்சும் நம்ம பேருக்கு மாறணும்.

8. நம்ம ஊருக்கென்று ஒன்று

தீபாவளி சமயத்தில் "டிக்கிதான் காலியா இருக்கே, நாலு பெட்டி கிப்ட் பாக்ஸ் கொண்டு போய் வித்துட்டு வரலாம்" என்று யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். பட்டாசு ஏற்ற உரிமம் உள்ள வண்டிகள் தனியாக இருக்கின்றன. திரியோ மருந்தோ ஒரு பொட்டலம்கூடக் குடும்ப வண்டியில் ஏறக்கூடாது. மருந்து அறையில் வேலை செய்கிறவர்கள் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகே வண்டியில் ஏறுங்க. மருந்துத் தூள் சீட்டில் படிந்தால் அதே சீட்டில்தான் நாளைக்குக் குழந்தை படுக்கும்.

முடிவாக

மேலே சொன்ன சாத்தூர் பக்கத்து வீட்டில் இப்போது அந்த வண்டியை விற்று பைனான்ஸ் கடனை அடைத்துவிட்டார்கள். குழு உள்கடனை அந்த அம்மா வாரா வாரம் கட்டி வருகிறார். தோளில் அடிபட்ட சகோதரியும் மறுபடி வேலைக்குப் போகிறார். இருவரும் அதே கூட்டத்தில் ஒரே பாயில்தான் உட்காருகிறார்கள். அந்தக் குழு ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது: வண்டிக்குக் கடன் கேட்கிறவர் மாத வரவு செலவு, கடன் விவரத் தாள், இன்சூரன்ஸ் விவரம் மூன்றையும் கூட்டத்தில் வாசித்துக் காட்டணும். கேட்கிறவரை அவமானப்படுத்த இந்தத் தீர்மானம் போடவில்லை. பத்துப் பேர் சேர்ந்து கணக்குப் பார்த்தால் தப்பு கண்ணில் படும், அதற்காகத்தான்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்க

- நம்ம குழுவில் யார் வீட்டில் வண்டி இருக்கு? அதன் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை?
- நாம் தினமும் ஆபீசுக்குப் போகும் வண்டி மஞ்சள் போர்டா? அதில் எத்தனை பேர் ஏறுகிறோம்?
- தீபாவளிக்குப் பிந்திய வேலையில்லாத வாரங்களுக்கு நம்மிடம் சேமிப்பு எவ்வளவு?