பிளக்க மறுக்கும் மரம்

மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடத்துக்கு எப்படிப்பட்ட மரம் வேண்டும்? சுற்றிலும் துளை போட்டு ஆரக்கால்களை அடித்து இறக்கினாலும் வெடிக்காத மரம் அல்லவா? இங்கிலாந்துத் தச்சர்கள் இதற்குத் தேர்ந்தெடுத்தது 'எல்ம்' மரத்தை. அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஆப்புக்கு லேசில் வழிவிடாது.

இந்தப் பிடிவாதந்தான் வில்லுக்கும் உகந்தது. டென்மார்க்கில் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944-ல் கிடைத்த எல்ம் வில்லுக்கு வயது சுமார் ஒன்பதாயிரம் ஆண்டு! 1188-ல் வேல்ஸ் நாட்டைச் சுற்றி வந்த ஜெரால்டு என்ற பாதிரியார், அங்கத்திய எல்ம் விற்களைப் பார்த்து, 'கரடுமுரடு, அவலட்சணம்' என்று முகம் சுளித்தார். ஆனால் அபர்கவெனிக் கோட்டையில், நாலு விரற்கடை கனமுள்ள ஓக் மரக் கதவை அவற்றின் அம்புகள் துளைத்த கதையையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

வில் செய்கிறவன் பெரிய மரத்தைத் தேடுவதில்லை. நிழலில் நெடுநெடுவென்று, கிளையில்லாமல் வளர்ந்த இளமரம் போதும். இலை உதிர்ந்த குளிர் காலத்தில் வெட்டுவது வழக்கம். வெட்டிய கையோடு இரு முனைகளிலும் மெழுகோ வர்ணமோ பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் முனை சீக்கிரம் உலர்ந்து விரிசல் காணும். பிறகு ஆப்பு அடித்துப் பிளக்கிறார்கள். பிளப்பதாவது! ஆப்பு இறங்கிய பிறகும் இரண்டு பாதியையும் நார்கள் இழுத்துப் பிடித்துக் கொண்டிருக்கும். அவற்றைக் கோடரியால் ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும்.

அடுத்தது பட்டை உரிப்பது. வசந்தத்தில் வெட்டிய மரமானால் வாழைப்பழத் தோல் போல வந்துவிடும். குளிர் காலத்து மரத்தைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். பட்டைக்கு அடியிலுள்ள வளையத்தில் கத்தி பட்டு நார் அறுந்தால் போச்சு, வளைக்கும்போது வில் அங்கேதான் முறியும். அப்புறம் மாதக் கணக்கில் நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால், நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தே நிற்கும்.

பட்டையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்ம் மரத்தைக் கொல்லும் பூஞ்சக்காளானைச் சுமக்கும் வண்டு, பட்டைக்கு அடியில்தான் முட்டையிடுகிறது. 1922-ல் இந்தக் காளானைக் கண்டுபிடித்தவர் ஹாலந்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி, பியா ஷ்வார்ஸ். 1960-களில் வட அமெரிக்காவிலிருந்து பட்டையோடு வந்த மரக் கட்டைகள், அதன் கொடிய இனமொன்றைப் பிரிட்டனில் இறக்கிவிட்டன. மாண்டவை இரண்டரைக் கோடி மரங்களுக்கு மேல்!

ஆனாலும் வேர்கள் சாகவில்லை. வேலியோரங்களில் இன்றும் கன்றுகள் முளைக்கின்றன. பட்டை தடிக்கும் வரை வண்டு அவற்றை அண்டுவதில்லை, தடித்ததும் வந்துவிடுகிறது. வில்லுக்கு வேண்டிய பருமன் வருவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான்.