அட்மின் சாவி யார் கையில இருக்கணும்?

ஒரு நாள் காலையில ஆபீஸ்ல லாகின் பண்றீங்க, உங்க அட்மின் ஆக்சஸ் இல்லை. எப்படி இருக்கும்? எனக்கு நடந்திருக்கு. ரெண்டு வருஷம் சர்வரைப் பார்த்துக்கிட்டேன். வேற டீமுக்கு மாறின வாரமே எடுத்துட்டாங்க. 'என்னை நம்பலையா?'ன்னு மேனேஜர்கிட்ட சண்டையே போட்டேன். இன்னைக்கு யோசிச்சா, அவர் செஞ்சதுதான் சரி. ஏன்னு ட்விட்டர்ல நடந்த ரெண்டு சம்பவத்தை வெச்சு சொல்றேன்.

2017 நவம்பர் 2. அமெரிக்க அதிபர் ட்ரம்ப்போட ட்விட்டர் கணக்கு திடீர்னு காணாமப் போச்சு. 11 நிமிஷம் கழிச்சுதான் திரும்பி வந்தது. முடக்கினது ஹேக்கர் இல்லை, கஸ்டமர் சப்போர்ட் ஊழியர் ஒருத்தர். அன்னைக்கு அவருக்கு வேலையில கடைசி நாள்!

அடுத்தது 2020 ஜூலை. 'ஐ.டி. டீம்ல இருந்து பேசறோம்'னு ஊழியர்களுக்கு போன் பண்ணி, பாஸ்வேர்டைக் கறந்துட்டாங்க. அதை வெச்சு, கணக்குகளை நிர்வகிக்கிற டூலுக்குள்ள புகுந்தாங்க. குறி வெச்சது 130 கணக்குகள். ஒபாமா, பைடன், எலான் மஸ்க் கணக்குகள்ல இருந்தெல்லாம் பிட்காயின் மோசடி ட்வீட் வந்தது. மூளையா இருந்த பையனுக்கு வயசு 17.

அப்போ அந்த மாதிரி டூல்களைத் தொடக்கூடியவங்க ஆயிரம் பேருக்கு மேல இருந்தாங்கன்னு நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறையோட அறிக்கை சொல்லுது.

இங்கதான் கவனிக்கணும். முதல் சம்பவத்துல ஊழியரே செஞ்சார். ரெண்டாவதுல ஊழியர்கள் ஏமாந்தாங்க, அவ்வளவுதான். நல்லவங்களா இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால 'யாரை நம்பலாம்?'ங்கிற கேள்வியே தப்பு.

கேட்க வேண்டியது மூணு. ஒண்ணு, இந்த வேலைக்கு இது இன்னைக்குத் தேவையா? ரெண்டு, முழுசா வேணுமா, ஒரு பகுதி போதுமா? பாஸ்வேர்டு ரீசெட் பண்றவருக்கு கணக்கையே முடக்குற பட்டன் எதுக்கு? மூணு, எப்போ திருப்பி வாங்கறது? டீம் மாறும்போதும் வேலையை விடும்போதும் அது தானா போயிடணும்.

அதுக்காக ஒரே ஆள்கிட்ட மொத்தத்தையும் கொடுத்துடாதீங்க. அவர் லீவுல போன அன்னைக்குத்தான் சர்வர் படுக்கும். ரெண்டு பேராவது வேணும். பெரிய மாற்றம்னா, ஒருத்தர் செய்யணும், இன்னொருத்தர் ஓகே சொல்லணும்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் உங்க பேர்ல என்னென்ன ஆக்சஸ் இருக்குன்னு பாருங்க. தேவையில்லாததை நீங்களே திருப்பிக் கொடுங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, முதல்ல தேடப்படுற பேர் உங்களுதா இருக்காது.