மெதுவான கணினியைக் கைவிடுமுன் செய்யவேண்டிய சோதனைகள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அன்று பிற்பகல் சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்களின் கணினிகள் நின்றுபோயின. பயணிகள் நீண்ட வரிசையில் காத்திருக்க, ஊழியர்கள் பயணப் பதிவைக் கையால் செய்தனர். உலகம் முழுவதும் ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் அன்று நீலத் திரையைக் காட்டி முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

அந்தக் கணினிகளில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் சிங்கப்பூர் நேரப்படி நண்பகல் 12.09 மணிக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பில்தான் கோளாறு. 78 நிமிடங்களில் அக்கோப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனால், அதற்குள் அதைப் பெற்றுவிட்ட கணினிகள் பலவற்றைத் தொழில்நுட்பர்கள் ஒவ்வொன்றாக ‘சேஃப் மோட்’ எனும் பாதுகாப்பு முறையில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அழித்ததும் அவை வழக்கம்போல் இயங்கின.

வீட்டுக் கணினி வைத்திருப்போருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கணினி மெதுவாவதும் முடங்குவதும் காய்ச்சலைப் போன்றவை. காய்ச்சல் நோயன்று, அறிகுறி. காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பதும், காரணம் தெரியாமல் ஆயிரம் வெள்ளிக்குப் புதுக் கணினி வாங்குவதும் ஒன்றுதான்.

நீலத் திரை ஏன் வருகிறது?

நாம் பயன்படுத்தும் உலாவி, விளையாட்டு போன்ற மென்பொருள்களுக்கு இயங்குதளம் தனித்தனி அறைகளை ஒதுக்குகிறது. ஓர் அறையில் குழப்பம் ஏற்பட்டால் அந்த மென்பொருள் மட்டும் மூடிக்கொள்ளும். ஆனால், திரை, வன்தட்டு, அச்சுப்பொறி ஆகியவற்றை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள்களில் பலவும் சில பாதுகாப்பு மென்பொருள்களும் இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே வேலை செய்கின்றன. அங்கே தவறு நேர்ந்தால், கோப்புகள் கெட்டுப்போவதைத் தடுக்க இயங்குதளம் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதுவே நீலத் திரை.

கிரவுட்ஸ்டிரைக் விவகாரத்தில் மென்பொருளிடம் இருந்தவை 20 தகவல்கள். புதிய கோப்பு 21ஆவது தகவலைக் கேட்டது. இல்லாத ஒன்றைத் தேடி, தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைப் படிக்க முயன்றதால் கணினி நின்றது.

முதல் வேலை: நகல் எடுப்பது

சோதனைகளைத் தொடங்குமுன் புகைப்படங்கள், பள்ளி வேலைகள், ஆவணங்கள் அனைத்தையும் வெளித் தட்டு ஒன்றில் நகல் எடுத்துவிடுங்கள். வன்தட்டு பழுதாகிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறை கணினியைத் திறப்பதும் கடைசி முறையாக இருக்கலாம். கணினியை மாற்றலாம், பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களை மாற்ற முடியாது.

அடுத்து, ஒரு தாளில் குறிப்பு எழுதுங்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது கணினி முடங்கியது? இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து? அதற்கு முன் புதிதாக எதையாவது நிறுவினீர்களா? விண்டோஸ் கணினியின் தேடல் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டச்சு செய்தால், எந்த நாளில் எது நின்றது என்ற பட்டியல் கிடைக்கும். சிவப்புக் குறி உள்ள நாள்களை உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். எப்போதும் ஒரே மென்பொருளின் பெயர் வந்தால் அதை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்க்கலாம்.

வேகக் குறைவு: மூன்று எண்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று எண்களைக் கவனியுங்கள். கணினி தடுமாறும் நேரத்தில் எது 100 விழுக்காட்டை நெருங்குகிறதோ, அங்குதான் நெரிசல். மேக் கணினியில் இதே வேலையை ‘ஆக்டிவிட்டி மானிட்டர்’ செய்யும்.

பழைய கணினிகளில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது டிஸ்க். சுழலும் வன்தட்டு ஒன்று நிமிடத்திற்கு 5,400 முறை சுற்றுவதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. தேவையான தகவல் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 15 மில்லிநொடி ஆகிவிடும். நகரும் பாகம் எதுவுமில்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்திற்கு ஏறத்தாழ 0.1 மில்லிநொடி போதும். ரேம் நினைவகத்திற்கோ 0.0001 மில்லிநொடி.

இந்த எண்களைக் கண்முன் நிறுத்த அவற்றை ஒரு கோடி மடங்கு பெருக்கிப் பார்ப்போம். மேசைமேல் இருக்கும் புத்தகத்தை ஒரு நொடியில் எடுப்பது ரேம் என்றால், புளோக்கிலிருந்து இறங்கி தெம்பனிஸ் வட்டார நூலகத்திற்கு 17 நிமிடம் நடந்துபோய் எடுப்பது எஸ்எஸ்டி. சுழலும் வன்தட்டோ அதே புத்தகத்தைக் கொண்டுவர 42 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

ரேம் நிறைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மேசையில் இடமில்லாதபோது புத்தகங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது மீண்டும் வரவழைப்பதுபோல, இயங்குதளம் ரேமில் உள்ளவற்றைத் தட்டுக்கு மாற்றி மாற்றி எடுக்கும். உலாவியில் முப்பது பக்கங்களைத் திறந்துவைத்தால் கணினி திணறுவது இதனால்தான்.

செலவில்லாத தீர்வுகளை முதலில் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குச் சென்று, கணினியைத் திறந்தவுடன் தேவையின்றித் தொடங்கும் மென்பொருள்களை நிறுத்துங்கள். சேமிப்பகத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். ‘ஷட்டவுன்’ செய்வதற்குப் பதிலாக அவ்வப்போது ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். விண்டோஸில் விரைவுத் தொடக்க வசதி இயங்கினால், ஷட்டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப் பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்ப வரும். ரீஸ்டார்ட் செய்தால்தான் அது புதிதாகத் தொடங்கும்.

பிறகும் டிஸ்க் எண் உச்சத்திலேயே நின்றால், வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவது பழைய கணினிக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய மாற்றம். புதுக் கணினி விலையில் ஒரு சிறு பகுதியே இதற்கு ஆகும். ரேமையும் கூட்டலாம். ஆனால், மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

வெப்பம் என்ற எதிரி

சிபியு எனப்படும் மையச் செயலகத்தின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலைக்கு மேல்தான் ஏறத் தொடங்கும். சிங்கப்பூரில் பகல் வெப்பம் வழக்கமாக 31 முதல் 33 டிகிரி செல்சியஸ்வரை செல்கிறது. 24 டிகிரி குளிரூட்டப்பட்ட அறையைவிட, சன்னல் திறந்திருக்கும் வீவக வீட்டில் கணினி எட்டு டிகிரி பின்தங்கியே ஓட்டத்தைத் தொடங்குகிறது. சாலைத் தூசியும் ஈரப்பதமும் சேர்ந்து, விசிறிக்குப் பின்னாலுள்ள உலோகத் தகடுகளின் இடுக்குகளைக் கம்பளிபோல் அடைத்துவிடுவதும் உண்டு.

வெப்பநிலை 100 டிகிரியை நெருங்கும்போது பெரும்பாலான செயலகங்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி எந்த அறிவிப்பும் இன்றி சட்டென அணைந்துவிடும். காலையில் நன்றாக ஓடி, பிற்பகலில் விளையாட்டின்போதோ காணொளிச் சந்திப்பின்போதோ நின்றால் முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

சோதனை எளிது. மெத்தைமேல் வைத்திருந்தால் கடினமான மேசைக்கு மாற்றுங்கள். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி, அதே வேலையைச் செய்து பாருங்கள். நின்றுபோவது குறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, விசிறி இதழ் சுழலாமல் பிடித்துக்கொண்டு காற்றடித்துத் தூசியை அகற்றலாம். மேசைக் கணினியின் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக்கூடாது. அணைத்த பிறகும் ஆபத்தான மின்னூட்டம் அதனுள் தங்கியிருக்கும். மடிக்கணினியின் அடிப்பகுதி உப்பியிருந்தால் மின்கலம் வீங்கியிருக்கலாம். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள்; மின்னூட்ட வேண்டாம், அழுத்தவோ குத்தவோ வேண்டாம்.

எந்த அறிகுறி, எந்தக் காரணம்?

நேரம் காலம் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு செய்தியோடு நீலத் திரை வந்தால் ரேம் பழுதாக இருக்கலாம். ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனையை இரவில் ஓடவிட்டுக் காலையில் முடிவைப் பாருங்கள். கோப்புகள் திறக்க மறுத்தாலோ, ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்டாலோ வன்தட்டு விடைபெறத் தயாராகிறது என்று பொருள். அணைத்துத் திறக்கும் போதெல்லாம் தேதியும் நேரமும் பின்னோக்கிப் போனால், தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்திருக்கும்.

புதிய மென்பொருளுக்கோ புதுப்பிப்புக்கோ பிறகு தொடங்கிய கோளாறு என்றால் சேஃப் மோடில் திறந்து பாருங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் செய்தால் அதற்கான வழி கிடைக்கும். அத்தியாவசியமானவை மட்டுமே இயங்கும் அந்த முறையில் கணினி நிற்காமல் ஓடினால், பாகங்களைவிட மென்பொருள்மீதுதான் சந்தேகம் வலுக்கும்.

ஒரு விதியை மறக்க வேண்டாம்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். தூசியைத் துடைத்து, ரேமை மாற்றி, இயங்குதளத்தையும் ஒரே நாளில் புதிதாக நிறுவினால் கணினி சரியாகலாம். ஆனால், எதனால் சரியானது என்பது தெரியாது. கோளாறு திரும்பினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அறிவியல் கூடத்தில் மாணவர்கள் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைப்பதும் இதே காரணத்திற்காகத்தான்.

பயத்தைக் காசாக்குவோர்

மெதுவான கணினியின் முன் அமர்ந்திருப்பவரை மோசடிக்காரர்களுக்கும் பிடிக்கும். “உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, இந்த எண்ணை உடனே அழையுங்கள்” என்று திரையை நிறைக்கும் அறிவிப்பு வந்தால் அழைக்காதீர்கள். உண்மையான இயங்குதள எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கைத் திறக்கவைப்பதே அவர்கள் நோக்கம். ஐயம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

எப்போது விடைகொடுக்கலாம்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற முடியாத கணினி நன்றாக ஓடினாலும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இல்லாமல் அதில் வங்கி வேலை செய்வது நல்லதன்று. லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவி அதை வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தலாம். கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தால் உங்கள் குறிப்புத் தாளையும் கொண்டுசெல்லுங்கள். வேலை தொடங்குமுன் கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னியல் கழிவு சேர்வதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. 2021 ஜூலை முதல், பெரிய மின்னியல் பொருள் கடைகள் பழைய கணினிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே முடிந்துபோன கணினியைக் குப்பைக் குழாய் அருகே வைக்காமல், தகவல்களை முழுவதுமாக அழித்துவிட்டு அங்கே ஒப்படைக்கலாம். அதற்கு முன், அது உண்மையிலேயே முடிந்துபோனதா, இல்லை ஒரு பிடித் தூசியால் மூச்சுத் திணறுகிறதா என்று ஒரு மாலை நேரம் செலவிட்டுப் பாருங்கள்.